ஒரே சட்டி, கரண்ட் அடுப்பு, அரை மணி நேரம்: வெளிநாட்டில் சைவமாக என்ன சமைக்கிறீர்கள்?

புதுக்குடித்தனம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனிக்குப் படிக்க வந்து ஏழு வாரம் ஆகிறது. மாணவர் விடுதியில் ஒன்பது பேருக்கு ஒரே சமையலறை. என் பங்குக்கு அலமாரியில் ஒரு தட்டு, பிரிட்ஜில் அரைத் தட்டு. பெட்டி எடை கூடிவிட்டதென்று குக்கரை விமான நிலையத்திலேயே அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது கையிலிருப்பது ஒரு சட்டியும் ஒரு நான்ஸ்டிக் தவாவும். நான் சைவம், முட்டையும் கிடையாது. வீட்டில் இருந்தவரை வெந்நீர் வைத்ததோடு சரி.

ரொட்டி, சீஸ், தக்காளி என்று ஏழு வாரம் ஓட்டியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து சாம்பார் வைத்தேன். துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு தனி, தண்ணீர் தனி. தாளிக்கும்போது மிளகாய் கருகிப் புகை அலாரம் அடித்தது. மாடியிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அரை மணிக்குள் முடிய வேண்டும், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதை வைத்தே ஆக வேண்டும். இந்தியக் கடைக்கு ரயிலில் நாற்பது நிமிஷம், மாதம் ஒரு தடவைதான் போக முடியும். உங்கள் கைவசம் இருப்பதைச் சொல்லுங்களேன்.

சீரகச்சம்பா

தம்பி, குக்கர் இல்லாமல் துவரம்பருப்பிடம் போனதுதான் தப்பு. அதை ஊறவைக்காமல் திறந்த சட்டியில் வேகவைத்தால் அப்படித்தான் முறைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் சூப்பர் மார்க்கெட்டிலேயே செம்பவள நிறத்தில் ஒரு பருப்பு இருக்கும், "ரோட்டே லின்சன்" என்று எழுதியிருப்பார்கள். தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம், பதினைந்து இருபது நிமிஷத்தில் கரைந்துவிடும். கனடாவுக்கு வந்து 19 வருஷமாகிறது, வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் இதுதான்.

அரை கப் பருப்பைக் களைந்து இரண்டு கப் தண்ணீர், மஞ்சள் தூள் கொஞ்சம். மூடி போடாதீர்கள், நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழிந்துவிடும். நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து நறுக்கிய தக்காளி இரண்டு, ஏதாவது ஒரு காய், உப்பு, ஒரு ஸ்பூன் மல்லித்தூள், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள். புளி இல்லையென்று கவலை வேண்டாம். இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் வாசம் போய்விடும், கசப்பும் தட்டும். இதைச் சாம்பார் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், அதனால் நான் "பருப்புக் குழம்பு" என்று சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த அலாரம். கேஸ் அடுப்பை அணைத்தால் சூடு அந்த நொடியே நின்றுவிடும். கரண்ட் அடுப்பின் தட்டு அணைத்த பிறகும் ஐந்து நிமிஷம் கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் பார்த்த மாதிரி தாளித்துவிட்டு "ஆஃப்" செய்தால் கறுத்துத்தான் போகும். தட்டை நடுத்தரச் சூட்டுக்கு மேல் ஏற்றவே வேண்டாம். எண்ணெய் காய்ந்ததும் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இன்னும் காயவில்லை, உடனே ஓரத்துக்கு நகர்ந்து சுற்றிலும் சின்னக் குமிழ் விட்டால் சரியான பதம். மீதிக் கடுகைப் போட்டு மூடியால் பாதி மறைத்துவிடுங்கள். படபடப்பு ஓய்வதற்கு முன்பே, பாதி வெடித்திருக்கும்போதே, சட்டியைத் தூக்கி அடுப்பில் சூடில்லாத வேறு தட்டில் வைத்துவிடுங்கள். மிளகாயையும் பெருங்காயத்தையும் அங்கே போடுங்கள், எண்ணெயில் இருக்கும் சூடே போதும். மிளகாய் ஒரு சுற்று நிறம் மாறி உப்பும்போது பருப்பைத் தூக்கி ஊற்றிவிட வேண்டியதுதான். புகையே வராது.

மோர்மிளகாய்

ஜப்பானிலிருந்து. நீங்களாவது சீஸ், ரொட்டி என்று ஓட்டினீர்கள். நான் வந்த புதிதில் மிசோ (புளிக்க வைத்த சோயா பசை) கலந்த சூப் சைவம் என்று நம்பி மூன்று மாதம் குடித்தேன். அது தாஷி என்ற சாற்றில் செய்வது, பெரும்பாலும் காய்ந்த மீனைச் சீவிப் போட்டது. "மீன் தெரியவே இல்லையே" என்று நான் கேட்டதற்கு "அதுதான் சாறாக இறங்கிவிட்டதே" என்று கூட வேலை செய்கிறவர் விளக்கினார். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் செய்த தாஷி சைவம்தான். இப்போது மிசோவை வாங்கிக் கொம்புவோடு நானே கலக்கிக்கொள்கிறேன்.

சமையலில் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, தயிர்சாதம். இங்குள்ள குட்டை அரிசி உதிராது, ஒட்டும். எலுமிச்சை சாதத்துக்கு ஆகவே ஆகாது. ஆனால் அதே ஒட்டுதான் தயிர்சாதத்துக்கு வரம், மசிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆறின சோற்றில் பாலும் தயிரும் பாதிப் பாதி, இஞ்சி, ஒரு வெள்ளரிக்காய். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சோற்றில் தயிரா என்று முகம் சுளித்தார். பிறகு நான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊறுகாயை மட்டும்.

வாணலி

மேலே இருக்கும் குறிப்புகள் எல்லாம் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும். கூஸ்கூஸ் உப்புமா, ஓட்ஸ் பொங்கல், கினோவா புளியோதரை என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். பெயரைத் திருடாமல் சமைக்க முடியாதா?

அரைப்படி

வாணலி அண்ணா, நான் ஆரம்பிக்கத்தான் வந்தேன். :)

கூஸ்கூஸ் என்பது கோதுமை ரவையை உருட்டி ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது. கடையில் விற்பது ஏற்கெனவே வெந்தது, அதனால் வெந்நீர் ஊற்றி மூடி ஐந்து நிமிஷம் வைத்தால் போதும். வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி வதக்கித் தாளித்து, அதில் உப்புப் போட்ட கொதிநீர், அடுப்பை அணைத்துக் கூஸ்கூஸைக் கொட்டி மூடி. ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், அதற்கு மேல் போனால் களிதான். கட்டி தட்டாது, கிண்டத் தேவையில்லை, இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் காலையில் வேறென்ன வேண்டும்? உப்புமா என்று சொல்லக் கூடாதென்றால் "வாணலிக்குப் பிடிக்காதது" என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

புதுக்குடித்தனம் தம்பிக்கு நிஜ ரவையே கிடைக்கும். கெட்டிக் கோதுமை ரவை, "ஹார்ட்வைட்சன்கிரீஸ்" என்று கேளுங்கள். பக்கத்திலேயே "வைஷ்வைட்சன்கிரீஸ்" என்று இன்னொன்று இருக்கும். அது குழந்தைக் கஞ்சிக்கானது, உப்புமா செய்தால் பசை. முதல் நாலெழுத்தைப் பார்த்து எடுங்கள். வறுக்காமல் தண்ணீரில் கொட்டாதீர்கள்.

வாணலி

கூஸ்கூஸ் தின்று பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. உப்புமா இல்லை என்றுதான் சொன்னேன்.

தயிர்க்காரி

நான் இங்கிலாந்தில் ராத்திரி ஷிப்ட் வேலை பார்ப்பவள். மொத்தமாக வடித்து வைத்து மூன்று நாள் சாப்பிடுகிற கூட்டம் இங்கே நிறைய இருக்கும், அவர்களுக்காக ஒரு விஷயம்.

சோற்றைப் பானையிலேயே ராத்திரி முழுக்க வெளியில் வைக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்பச் சுட வைத்தாலும் போகாது. பாட்டி பழையசோறு சாப்பிட்டாரே என்று சண்டைக்கு வர வேண்டாம், அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் வேறு கதை. ஒரு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒருவேளை அளவாகப் பையில் கட்டி பிரீசரில் போட்டுவிடலாம். மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சுட வைத்தால் புதுச்சோறு மாதிரியே இருக்கும்.

இன்னொன்று ராஜ்மா. காய்ந்த சிவப்புக் காராமணி சைஸ் பீன்ஸை ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அதில் லெக்டின் என்ற ஒரு பொருள் இருக்கிறது, அரைவேக்காட்டில் நாலைந்து கொட்டை தின்றாலே வாந்தி வயிற்றுப்போக்கு வரும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டுக்குப் போகாமலே போகலாம். டப்பாவில் வருவது வெந்தது, பயமில்லை. சமைக்கவே சோம்பல் என்கிற நாளில் ஒரு டப்பா கொண்டைக்கடலையை வடிகட்டித் தாளித்துத் தேங்காய்த்தூள் தூவினால் சுண்டல். ஏழு நிமிஷம்.

சீரகச்சம்பா

காராமணி சைஸ் இல்லை அம்மா, அதைவிடப் பெரிது. மொச்சைக்குச் சித்தப்பா.

தயிர்க்காரி

சரி அக்கா, மொச்சைக்குச் சித்தப்பா.

புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் சிவப்புப் பருப்புக் குழம்பு வைத்தேன். அலாரம் அடிக்கவில்லை! கடுகு ஓரத்துக்கு நகர்ந்து குமிழ் விட்டது, அப்படியே பார்த்தேன். இங்கே கிடைப்பது மஞ்சள் கடுகு. வெடித்தது, ஆனால் நம் கறுப்புக் கடுகு வாசம் இல்லை. பரவாயில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. பெருங்காயம். டப்பாவைத் திறந்ததும் கூட இருக்கும் ஒருத்தி "கேஸ் கசிகிறதா?" என்று சன்னலைத் திறந்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வெட்கமாகிவிட்டது. என்ன செய்வது? அப்புறம், கறிவேப்பிலை ஊரிலிருந்து கொண்டுவரலாமா? மார்ச் மாதம் போய் வருகிறேன்.

அரைப்படி

கொண்டுவரக் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, இலை, காய், பழம் எதைக் கொண்டுவந்தாலும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம், அந்த மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி இதன் இலையிலும் வாழும், அதனால் எல்லா நாட்டுக்காரரும் இதன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். அம்மா உருக்கின நெய்யும் கூடாது, பால் பொருள் ஆகிவிடும். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் இன்னும் கெடுபிடி. சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும், எழுதிவிட்டால் அதிகபட்சம் பறித்துக் குப்பையில் போடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். முதல் தடவை மாமியார் வந்தபோது அவருடைய புடவைக்கு நடுவிலிருந்து மோர்மிளகாய்ப் பொட்டலம் வெளியே வந்தது. அதிகாரியைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. (மேலே எழுதியிருக்கும் மோர்மிளகாய் மன்னிக்கவும்.)

இந்தியக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும்போது இரண்டு கட்டு வாங்கி, கழுவி ஈரம் போகத் துணியில் உலர்த்தி, உருவிப் பையில் கட்டி பிரீசரில் போடுங்கள். கறுத்துப்போகும், ஆனால் வாசம் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் பத்து நாளில் குப்பை. தேங்காய் வாங்கினால் அதையும் துருவி பிரீசரில்.

மோர்மிளகாய்

மன்னித்தேன்.

பெருங்காயத்துக்கு: டப்பாவை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து, அதை இன்னொரு பாட்டிலுக்குள் வையுங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பச்சையாகத்தான் அந்த நாற்றம், எண்ணெயில் விழுந்ததும் வெங்காயம் வதங்குகிற வாசமாக மாறிவிடும். அந்தப் பெண்ணைத் தாளிக்கும்போது கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்னொரு விஷயம், கடையில் விற்கும் தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு கரண்டி கொடுப்பதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

சீரகச்சம்பா

ஏழு வாரம் சீஸ் தின்றேன் என்கிறீர்களே, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாலைத் திரிக்கச் சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அது சட்டப்படியே கட்டாயம், அதில் சைவம் என்று ஒன்று கிடையாது. மற்றவற்றில் "மிக்ரோபியெல்" (நுண்ணுயிரிலிருந்து எடுத்தது) என்று போட்டிருந்தால் சாப்பிடலாம். எல்லோரும் இவ்வளவு பார்ப்பதில்லை, அது அவரவர் மனசு. விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மிட்டாயிலும் சில தயிர்களிலும் கூட இருக்கும். தாய்லாந்துக் கறிப் பசையில் இறால், வூஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி. காய்கறிப் படம் போட்டிருப்பதை நம்பக் கூடாது.

இன்னொன்று, பி12 வைட்டமின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், பயிர் பச்சையில் அது கிடையாது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். நம் தயிரும் மோரும் வீட்டில் தானாக நடந்துகொண்டிருந்த காப்பீடு மாதிரி. இங்கே வந்ததும் கடும் காப்பி, ஓட்ஸ் பால் என்று மாறிவிடுகிறோம். என் தங்கை இரண்டு வருஷம் கழித்துக் காலில் மதமதப்பு என்று போனபோதுதான் தெரிந்தது. பாலை விட்டால் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அரைப்படி

இட்லியைப் பற்றி யாருமே பேசவில்லையே. தம்பிக்கு இல்லை, மிக்ஸி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். குளிர்நாட்டில் மாவு பொங்காததற்குக் கை ராசி காரணமில்லை. மாவைப் பொங்க வைக்கிற லியூக்கனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடும் தானே வருகிறது, அதற்கு 30 டிகிரி பக்கம் வெதுவெதுப்பு வேண்டும், அவ்வளவுதான். நம் சமையலறை 18 டிகிரி. நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், அரைத்துக் கையால் கலந்து, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்துவிடுங்கள். பல்பு சூடே போதும். புது எல்.இ.டி. விளக்குச் சூடாகாது, அந்த ஓவன்காரர்கள் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வையுங்கள். கீழே தட்டு வைக்க மறக்காதீர்கள். ஓவனுக்குள் மாவு இருக்கிறது என்று கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். சீட்டு ஒட்டாத ஒருநாள் என் கணவர் பிஸ்ஸாவுக்காக 220 டிகிரி வைத்துவிட்டார். இட்லி வரவில்லை, எவர்சில்வர் பாத்திரத்தோடு ஒரே ஒரு பெரிய ரொட்டி வந்தது.

சீரகச்சம்பா

மிக்ஸி என்றதும் நினைவு வந்தது. வட அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. ஊர் மிக்ஸி 230க்குச் செய்தது. சின்ன வோல்ட் மாற்றியை வைத்து 750 வாட் மிக்ஸியை ஓட்டி, என் முதல் குளிர்காலத்தில் நான் மாற்றியைத்தான் வறுத்தேன். அந்த வோல்டுக்கென்றே செய்த மிக்ஸி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இண்டக்ஷன் அடுப்புக்காரர்கள் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா பார்த்து மூட்டை கட்டுங்கள். அலுமினியக் குக்கர் அதில் ஊமை.

வாணலி

தம்பிக்கு ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. அங்கே குளிர்காலத்தில் குட்டி முட்டைக்கோஸ் வருமே, கோலிக்குண்டை விடப் பெரிதாக, பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ். அதைத் தண்ணீரில் வேகவைத்தால் நாறும், அப்படித்தான் அவர்கள் கெடுக்கிறார்கள். மெல்லிசாகச் சீவி, தாளித்த எண்ணெயில் போட்டு, உப்புப் போட்டு, மூடாமல் ஆறு நிமிஷம் கிளறுங்கள். ஓரம் லேசாகச் சிவக்க வேண்டும். கடைசியில் தேங்காய். கேல் கீரையும் அப்படியே, நடுக்காம்பை உருவி எறிந்துவிட்டு முருங்கைக்கீரை மாதிரி பொடியாக நறுக்கினால் பொரியல். கேல் என்பதே நம் கோஸின் அண்ணன்தான்.

இதற்குப் பொரியல் என்றே பெயர் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்கிறேன்.

அரைப்படி

யாராவது இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தேர்வு.

நிலவரம்: பருப்புக் குழம்பு எட்டுத் தடவை. ஹார்ட் ரவை உப்புமா நாலு தடவை, அதில் ஒன்று வைஷ் ரவை, ஆமாம், பாக்கெட்டைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன். சட்டியோடு கவிழ்த்தால் கீழே விழவில்லை. ஸ்பிரவுட்ஸ் பொரியல் வாணலி அண்ணா சொன்னபடியே வந்தது. பெருங்காயம் இரண்டு பாட்டிலுக்குள்.

அந்தப் பெண்ணைத் தாளிக்கும்போது கூப்பிட்டேன். எண்ணெயில் போட்டதும் மூக்கைச் சுளித்தவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, இது வேறு பொருளா என்று கேட்டாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கோதுமை இருந்தது. அவளுக்குக் கோதுமை ஆகும், தட்டு நீட்டினாள். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் நாலு பேருக்கு என் பருப்புக் குழம்பு, பதிலுக்கு அவர்களில் ஒருத்தன் உருளைக்கிழங்கில் ஏதோ செய்கிறான். உப்பே போட மாட்டான். ஊறுகாயோடு சாப்பிடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நாலு பேருக்கு வைத்தால் அதே சட்டியில் அடி பிடிக்கிறது. மேலே பருப்பு வேகவில்லை, கீழே கருகுகிறது. என்ன தப்பு?

சீரகச்சம்பா

சட்டி மெல்லிசு, தம்பி. அடி கனமாக ஒன்று வாங்குங்கள், பழைய பொருள் சந்தையில் தேடினால் கிடைக்கும். அதுவரைக்கும் தண்ணீர் முதலில் கொதிக்கட்டும், அப்புறம் பருப்பைப் போடுங்கள், முதல் ஐந்து நிமிஷம் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். தக்காளியையும் எலுமிச்சையையும் பருப்பு கரைந்த பிறகு சேருங்கள். புளிப்பு முன்னாலேயே விழுந்தால் பருப்பு வேக மறுக்கும், நாலு பேர் அளவுக்குப் போட்ட எட்டுத் தக்காளிதான் உங்கள் ஆள்.

புதுக்குடித்தனம்

ஆறுதான் போட்டேன் அக்கா. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.